மொபைல் கேம் விமர்சனம்: மெமரி கார்டு கடையிலிருந்து ஹைகோர்ட் வரை

சினிமாவுக்கு விமர்சனம் எழுத நம்மூரில் ஆளுக்குப் பஞ்சமே கிடையாது. இடைவேளை விடுவதற்குள் தீர்ப்பு வந்துடும். புத்தகத்துக்கு மதிப்புரை இருக்கு, பிரியாணிக்கு இருக்கு, பஸ் ஸ்டாண்டு டீக்கடை வடைக்குக்கூட இருக்கு. ஆனா இந்த இருபது வருஷமா நாம அதிக நேரம் கையில வச்சிருந்தது செல்போன். அதுக்குள்ள இருந்த விளையாட்டுகளுக்கு யார் விமர்சனம் எழுதினாங்க?

ஆணி கொஞ்சம் கம்மியா இருந்த ஒரு வாரத்துல இதைத் தோண்ட ஆரம்பிச்சேன். சும்மா கொசுவத்தி சுத்தலாம்னுதான் நினைச்சேன் மக்களே. தோண்டத் தோண்ட வேற எங்கேயோ போயிடுச்சு. எங்க போச்சுன்னு முன்னாடியே சொல்லிடறேன், அப்புறம் ஏமாத்திட்டான்னு சொல்லக்கூடாது :-) தமிழ்நாட்டில் மொபைல் கேம்களுக்கு வந்ததிலேயே நீளமான, கவனமான விமர்சனங்களை எழுதினது பத்திரிகைக்காரங்க இல்லை. ஹைகோர்ட் நீதிபதிகள்.

முதல்ல பாம்பு. நோக்கியாவில் வேலை பார்த்த தனேலி அர்மாண்டோ என்ற பின்லாந்து இன்ஜினியர் எழுதின ஸ்நேக், 1997ல் நோக்கியா 6110 போனோட வந்தது. 2000ல் வந்த 3310ல் ஸ்நேக் 2, ஸ்பேஸ் இம்பாக்ட், கூடவே பான்டுமின்னு ஒரு கேம். அந்த பான்டுமி என்னன்னு நினைக்கிறீங்க? நம்ம பல்லாங்குழியோட ஒண்ணுவிட்ட தம்பி. ஆப்பிரிக்காவில் மன்காலான்னு ஆடுற அதே குழி, அதே காய் குடும்பம். ஆயா திண்ணையில புளியங்கொட்டை வச்சு ஆடினது நோக்கியாவுக்குள்ள வந்து உட்கார்ந்திருந்தது. அதைப் பத்தி அந்தக் காலத்துல தமிழ்ல யாராச்சும் நாலு வரி எழுதினதா நான் பார்க்கலை.

எழுதாததுக்குக் காரணமும் புரியுது. சோத்தோட வர்ற அப்பளத்துக்கு யார் தனியா விமர்சனம் எழுதுவா? போன் வாங்கினா பாம்பு இலவசம். விமர்சனம்ங்கறது காசு கொடுத்து வாங்கறதுக்கு முன்னாடி ஒருத்தர் கேக்குற கேள்விக்குப் பதில். யாரும் வாங்காத பொருளுக்குக் கேள்வியும் இல்லை, பதிலும் இல்லை. 2003ல் வந்த நோக்கியா 1100 உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல வித்தது. எங்க வீட்டுக்கு வந்தது சித்தப்பா சிங்கப்பூர்ல இருந்து வரும்போது கொண்டு வந்தது. டார்ச்சுக்காக அப்பா வச்சிருந்தாரு, பாம்புக்காக நான் வச்சிருந்தேன். அத்தனை கோடிப் பேர் ஆடின ஒரு விளையாட்டுக்கு, அது புழக்கத்துல இருந்தப்போ விமர்சனம்னு பெருசா எதுவுமே இல்லை. சினிமாவுல இப்படி நடக்குமா?

அதே 2003ல், அதே நோக்கியா, 'என்-கேஜ்'னு ஒரு போனை கேம் ஆடுறதுக்குன்னே கொண்டு வந்தாங்க. விலை 299 டாலர். இதுக்கு மட்டும் விமர்சகர்கள் வரிஞ்சு கட்டிக்கிட்டு வந்தாங்க. கேமை மாத்தணும்னா பேட்டரியைக் கழட்டணும். போன் பேசணும்னா அதோட விளிம்பைக் காதுல வைக்கணும், பார்க்கறதுக்கு அப்பளத்தைக் காதுல சொருகின மாதிரி இருக்கும். கிழி கிழின்னு கிழிச்சு, கேலிப் படமா போட்டு, மேல எழ விடலை. மொபைல் கேம் விமர்சனம் ஒரு பொருளைச் சாய்ச்ச முதல் சம்பவம்னு இதைச் சொல்லலாம். எங்க ஊர்ல அந்த போனை நான் கண்ணால பார்த்ததில்லை.

எங்க ஊருன்னா பெரம்பலூர். ரயிலே வராத மாவட்டத் தலைநகரம். ரயில் ஏறணும்னா அரியலூர் போகணும். அதனால எங்க ஊர்ல எல்லாமே பஸ் ஸ்டாண்டைச் சுத்தித்தான். 2009, 2010 வாக்குல பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த செல்போன் கடைகள்ல ரீசார்ஜோட சேர்த்து இன்னொரு தொழில் ஓஹோன்னு நடந்தது. மெமரி கார்டுல 'ஏத்திக் குடுக்கறது'. இளையராஜா ஹிட்ஸ், புதுப் படம், கூடவே ஜாவா கேம். இருபது முப்பது ரூபாய்க்கு கார்டு ரொம்பிடும். (திருட்டுதான். யார் இல்லைன்னு சொன்னா.)

அந்தக் கடைக்கார அண்ணனைத்தான் நான் எங்க ஊரோட முதல் கேம் விமர்சகர்னு சொல்லுவேன். சும்மா காமெடிக்குச் சொல்லலை. ஜாவா கேம்ல ஒரு பெரிய தலைவலி உண்டு. 128-க்கு 160, 176-க்கு 220, 240-க்கு 320ன்னு ஒவ்வொரு போனோட திரையும் ஒவ்வொரு அளவு. ஒரே கேமுக்குப் பத்து ஜார் ஃபைல் இருக்கும். தப்பானதை ஏத்தினா பாதித் திரை வெள்ளையா நிக்கும். ஆரம்பகால நோக்கியா சீரிஸ் 40 போன்கள் சிலதுல 64 கேபிக்கு மேல ஃபைலே எடுக்காது. வெளிநாட்டு விமர்சகன் ஒரு போன்ல ஆடிப் பார்த்துட்டு பத்துக்கு எட்டுன்னு மார்க் போட்டா, அது அந்த ஒரு போனுக்கான மார்க். எங்க அண்ணன் போனை வாங்கித் திருப்பிப் பார்ப்பாரு.

"தம்பி, உன் போனுக்கு டைமண்ட் ரஷ் அருமையா ஓடும். பிரின்ஸ் ஆஃப் பெர்சியா ஓடும், ஆனா சவுண்டு வராது. கார் ரேஸ் வேணாம், பட்டன் தேஞ்சுடும், உங்கப்பா என்னை வந்து திட்டுவாரு."

மூணே வரி. பொருள் என்ன, யாருக்கு, எதுல ஓடும், பின்விளைவு என்ன, எல்லாம் வந்துடுச்சு. அதுவும் ஆளைப் பார்த்துச் சொன்ன விமர்சனம். மறுபடி அடுத்த வாரம் நான் அந்தக் கடைக்குத்தான் போகணும்ங்கறதால அவர் பொய் சொல்லவும் முடியாது.

அப்போ வெளியுலகத்துல நிலைமை மாறிக்கிட்டு இருந்தது. பாக்கெட் கேமர் மாதிரி தளங்கள் மொபைல் கேமுக்குன்னே வந்தாச்சு. 2008 ஜூலையில் ஆப்பிள் ஆப் ஸ்டோர் திறந்தது, அதே வருஷம் டச் ஆர்கேட் வந்தது, அக்டோபர்ல ஆண்ட்ராய்டு மார்க்கெட். ஒரு டாலர், ரெண்டு டாலர்னு கேம் வித்த நாலஞ்சு வருஷம் இருக்கே, அதுதான் மொபைல் விமர்சனத்தோட பொற்காலம். காசு கொடுத்து வாங்கறான், அதனால வாங்கலாமான்னு கேக்கறான், அதனால எழுத ஆள் இருக்கு. பிறகு எல்லாம் இலவசம் ஆச்சு, தினம் நூத்துக்கணக்குல புது கேம் வந்து கொட்டுச்சு. டச் ஆர்கேட் 2024 செப்டம்பர்ல விளம்பர வருமானம் போதலைன்னு கடையைச் சாத்தினாங்க. பதினாறு வருஷம் நடத்தினதே பெரிய விஷயம்.

இந்தப் பொற்காலம் நம்ம பக்கம் எட்டிக்கூடப் பார்க்கலை. கிரெடிட் கார்டு இருந்தாத்தான் கேம் வாங்க முடியும். 2015 ஜூலையில்தான் கூகிள், இந்தியாவுல ஒரு ஆப்போட குறைந்தபட்ச விலையை 50 ரூபாயிலிருந்து 10 ரூபாய்க்கு இறக்கினாங்க. பத்து ரூபாயா இருந்தாலும் கார்டுக்கு எங்க போறது? நாங்க ஆடினதெல்லாம் இலவச கேம்தான். டென்மார்க்காரங்க 2012ல் விட்ட சப்வே சர்ஃபர்ஸ் எங்க தெருவுல எல்லார் போன்லயும் இருந்தது. ரயிலே வராத ஊர்ல பசங்க ராத்திரி பகலா ரயில் கூரை மேல ஓடிக்கிட்டு இருந்தாங்க.

விமர்சகன் போன இடத்துல நட்சத்திரம் வந்து உட்கார்ந்தது. ஒண்ணுலேர்ந்து அஞ்சு. யார் வேணா போடலாம். கடைக்கார அண்ணனையே லட்சம் பேரா பிரதி எடுத்த மாதிரின்னு பார்த்தா நல்ல விஷயமாத்தான் தெரியும். ஆனா அந்த நட்சத்திரத்தை ஜனங்க எதுக்கெல்லாம் பயன்படுத்தினாங்கங்கறதுதான் இந்தக் கதையிலேயே சுவாரசியம்.

2014ல் மான்யுமென்ட் வேலின்னு ஒரு அழகான கேம் வந்தது. விமர்சகர்கள் தலையில தூக்கி வச்சு ஆடினாங்க. அதே வருஷம் நவம்பர்ல கூடுதல் கட்டங்களை ரெண்டு டாலருக்குக் கொடுத்தாங்க. அவ்வளவுதான், 'இதுக்கும் காசா'ன்னு ஜனங்க ஒத்தை நட்சத்திரமாக் குத்தித் தள்ளிட்டாங்க. கேம் கெட்டுப்போகலை. விலைக்கு எதிரா நடந்த மறியல் அது. அடுத்த ஜனவரியில அந்த கம்பெனியே ஒரு கணக்கு சொன்னாங்க: ஆண்ட்ராய்டுல நிறுவப்பட்டதுல நூத்துக்கு அஞ்சுதான் காசு கொடுத்து வாங்கினது.

அதே 2014 ஆரம்பத்துல ஃபிளாப்பி பேர்டு கூத்து. வியட்நாம்ல டாங் நுயென் தனியாளா எழுதி 2013 மே மாசம் விட்ட கேம், சீந்துவாரில்லாம கிடந்து ஜனவரியில திடீர்னு உச்சிக்குப் போச்சு. ஸ்டோர்ல அதுக்கு வந்த விமர்சனங்களைப் படிச்சா 'இந்த கேம் என் வாழ்க்கையை அழிச்சிடுச்சு, தொடாதீங்க'ன்னு நக்கலா கதை எழுதி, கூடவே அஞ்சு நட்சத்திரம் போட்டிருப்பாங்க. விமர்சனமே ஒரு விளையாட்டா மாறிடுச்சு. கேம் பத்திரிகைகள் அவர் மேல ஏறினாங்க. கொடாகு தளம், அந்தக் குழாய்ப் படங்களை மாரியோவிலிருந்து திருடினதா தலைப்புப் போட்டு, பிறகு மன்னிப்புக் கேட்டது. பிப்ரவரியில மனுஷன் 'போதும்டா சாமி'ன்னு கேமையே எடுத்துட்டாரு.

இதுக்கு எதிர்ப்பக்கம் கம்பெனிக்காரன் சும்மா இருப்பானா? இதை ஒரு பொட்டி தட்டுறவனா நான் கொஞ்சம் நின்னு சொல்லணும். அதே வருஷம் இ.ஏ. நிறுவனம் டஞ்சன் கீப்பர்னு 1997ல் கம்ப்யூட்டர்ல பேர் வாங்கின ஒரு கேமை மொபைலுக்கு இலவசமாக் கொண்டு வந்தாங்க. ஒரு கல்லை வெட்டணும்னா மணிக்கணக்கா காத்திருக்கணும், சில கல்லுக்கு ஒரு நாள். காத்திருக்க முடியலைன்னா காசு கட்டு. யூரோகேமர் பத்துக்கு ஒண்ணு கொடுத்தாங்க. ஆனா ஆண்ட்ராய்டு கடையில மார்க் நல்லாத்தான் இருந்தது. எப்படி? கேமுக்குள்ள ஒரு பெட்டி திறந்து 'ஒண்ணுலேர்ந்து நாலா, இல்லை அஞ்சா?'ன்னு கேக்கும். அஞ்சை அழுத்தினா பிளே ஸ்டோர் திறக்கும். நாலோ அதுக்குக் கீழயோ அழுத்தினா ஸ்டோர் திறக்காது, 'உங்கள் கருத்தை எங்களுக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள்'னு கம்பெனிக்கே போயிடும். அதாவது, திட்டுறவன் வீட்டுக்குள்ள வந்து திட்டு, புகழறவன் தெருவுல நின்னு புகழு! ரெண்டு கிளையுள்ள ஒரு 'இஃப்' கண்டிஷன், பத்து வரிகூட வராது. ஒரு பத்திரிகை ஆசிரியரையே விலைக்கு வாங்கின பலன். இந்த தந்திரம் பிறகு கேம் இல்லாத ஆப்புகளுக்கும் பரவி, 'எங்கள் ஆப் பிடித்திருக்கிறதா? ஆம் / இல்லை'ன்னு நம்ம எல்லார் போன்லயும் வந்துச்சு. 2020 ஆகஸ்டுல ஆப்புக்குள்ளயே மார்க் போடும் வசதியைக் கொடுத்தப்போதான், அதுக்கு முன்னாடி இந்த மாதிரிக் கேள்வி கேக்கக்கூடாதுன்னு கூகிள் விதி போட்டாங்க. அந்த கேமோட விளம்பரத்துல 'இலவசம்'னு சொன்னது தப்பான வழிகாட்டல்னு பிரிட்டன் விளம்பரத் தர ஆணையம் 2014 ஜூலையில சொன்னது தனிக்கதை. அந்த ஆணையம் தீர்ப்பு சொல்றதுக்காக கேமைப் பிரிச்சு மேய்ஞ்சிருந்தது. இதை ஞாபகம் வச்சுக்கங்க, பின்னாடி வரும்.

இப்ப நம்ம நாட்டுக்கு வருவோம். 2016 செப்டம்பர்ல ஜியோ, 2018 மார்ச்சுல பப்ஜி மொபைல். நான் கல்லூரி கடைசி வருஷம். ஹாஸ்டல்ல ராத்திரி ரெண்டு மணிக்கும் 'டேய் பின்னாடி பின்னாடி'ன்னு சத்தம் கேக்கும். இந்த கேமுக்கு இந்தியாவுல விமர்சனம் எழுதினது போலீசு :-) 2019 மார்ச்சுல குஜராத் ராஜ்கோட்ல தடை போட்டு, ஆடின மாணவர்களைக் கைது பண்ணாங்க. அடுத்து 2020 செப்டம்பர் 2ஆம் தேதி, சீன எல்லைப் பிரச்சினையை ஒட்டி மத்திய அரசு 118 ஆப்புகளைத் தடை பண்ணினப்போ பப்ஜியும் போச்சு.

ரெண்டே நாள் கழிச்சு நடிகர் அக்‌ஷய் குமார் 'ஃபௌஜி'ங்கற கேமை அறிவிச்சாரு. உருவாக்கினது பெங்களூரு என்கோர் கேம்ஸ். அதுக்குப் பின்னாடி இருந்த விஷால் கோண்டல், 1999லயே இந்தியாகேம்ஸ் ஆரம்பிச்சு ஜாவா காலத்துலேர்ந்து மொபைல் கேம் பண்ணினவர். நிகர வருமானத்துல 20 சதவீதம் 'பாரத் கே வீர்' நிதிக்குன்னும் சொன்னாங்க. 2021 குடியரசு தினத்தன்னிக்கு வெளியானது. நானும் இறக்கினேன். கல்வான் பள்ளத்தாக்கு, கையில் தடி, வர்றவனை அடி, நெருப்பு பக்கத்துல நின்னு உயிரை ஏத்திக்க, மறுபடி அடி. துப்பாக்கி இல்லைங்கறது நிஜ சம்பவத்தை ஒட்டினதுதான். ஆனா நாலு பேரைச் சேர்த்துக்கிட்டு ஆட வழியில்லை, அது 'விரைவில்'. அடிக்கிறதும் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி.

பிளே ஸ்டோர் மார்க் நாலுக்கு மேல இருந்தது, சில நாள்லயே மூணு பக்கம் வந்து நின்னது. அதுல எது விமர்சனம், எது உள்குத்துன்னு பிரிக்கவே முடியாது. 'பப்ஜி ரசிகர்கள் வேணும்னே குத்தறாங்க'ன்னு ஒரு கோஷ்டி. 'நாட்டுக்காக அஞ்சு நட்சத்திரம் போடு'ன்னு இன்னொரு கோஷ்டி. ரெண்டு பேருமே கேமைப் பத்திப் பேசலை. ஒருத்தருக்கு அது பப்ஜியோட கல்லறை, இன்னொருத்தருக்கு அது தேசியக் கொடி. நடுவுல 'தம்பி, நெருப்புகிட்ட நிக்கறது போர் அடிக்குது, மத்தபடி படம் நல்லாருக்கு'ன்னு சொல்ல ஒரு கடைக்கார அண்ணன் இல்லை. சொன்ன நாலஞ்சு விமர்சகர்கள் குரல் எடுபடலை.

சரி, இதெல்லாம் பொழுதுபோக்கு. மார்க் கூடினா என்ன, குறைஞ்சா என்ன. யாருக்கும் குடி முழுகிப் போகலை. முழுகினது வேற இடத்துல.

2020 லாக்டவுன்ல நான் பெரம்பலூர் வீட்டு மொட்டை மாடியில சிக்னல் தேடி உட்கார்ந்து ஆபீஸ் வேலை பார்த்துக்கிட்டு இருந்தேன். அரியலூர் சிமென்ட் ஆலைப் பக்கம் டிப்பர் லாரி ஓட்டுற சொந்தக்கார மாமா ஒருத்தர், லாரி நின்னு போச்சு, வீட்டோட இருந்தாரு. ஒரு நாள் மாடிக்கு வந்து போனை நீட்டினாரு.

"மாப்ள, நீ கம்ப்யூட்டர்ல வேலை பாக்குறவன். இந்த ரம்மி கேமு நெசமா, ஏமாத்தா? பாத்துச் சொல்லேன்."

இவ்வளவு நேரம் நான் சொன்னேனே, விமர்சனம்ங்கறது ஒருத்தர் கேக்குற கேள்விக்குப் பதில்னு, அந்தக் கேள்வி இதுதான். அப்புறம்தான் சொன்னாரு, லாரியோட மூணு மாசத் தவணைக் காசு அதுக்குள்ள போயிருக்கு.

விமர்சனம் தேடினேன். பிளே ஸ்டோர்ல அந்த ஆப்பே இல்லை. இந்தியாவுல காசு கட்டி ஆடுற கேம்களை கூகிள் அப்போ கடைக்குள்ள விடலை. 2022 செப்டம்பர்லதான் ரம்மிக்கும் ஃபேன்டசி விளையாட்டுக்கும் சோதனை முயற்சியா கதவைத் திறந்தாங்க. அதனால கம்பெனி தளத்துலேர்ந்து ஏபிகே ஃபைலா இறக்கணும். கடைக்கு வெளியில இருக்கறதால நட்சத்திரம் கிடையாது, திட்டுறவன் திட்டின வார்த்தையும் அடுத்தவன் கண்ணுல படாது. கையில காசே வாங்காத சப்வே சர்ஃபர்சுக்கு லட்சக்கணக்குல விமர்சனம், லாரித் தவணையை விழுங்குற கேமுக்கு ஒண்ணுமில்லை. இணையத்துல தேடினா 'சிறந்த 10 ரம்மி ஆப்கள்'னு பக்கம் பக்கமா வருது. ஒவ்வொண்ணுக்கும் கீழ ஒரு போனஸ் கோடு. அதை அழுத்தி நீங்க சேர்ந்தா எழுதினவருக்குக் கமிஷன். டிவியைப் போட்டா நடிகர்கள் சிரிச்சுக்கிட்டே கூப்பிடறாங்க.

அன்னிக்கு சாயந்திரம் பூரா அந்த ஆப்பை மாமா கூட உட்கார்ந்து பார்த்தேன். காசு உள்ள போக ஒரு தட்டு. வெளிய எடுக்க ஆதார், பான், வங்கிப் பாஸ்புக், காத்திருப்பு. சேர்ந்ததுக்குக் கொடுத்த போனஸ் பணத்தை எடுக்க முடியாது, ஆடித்தான் தீர்க்கணும். நாலு நாள் ஆடலைன்னா ராத்திரி சாப்பாட்டு நேரத்துக்கு 'உங்கள் மேசை காத்திருக்கிறது'ன்னு அறிவிப்பு. ஒவ்வொரு மேசையிலயும் கம்பெனி ஒரு பங்கு எடுத்துக்குது, ஜெயிக்கறவன் யாரா இருந்தாலும். சீட்டை யார் கலைக்கிறா, எதிர்ல இருக்கறது ஆளா நிரலான்னு வெளியில இருந்து பார்க்கற எனக்குத் தெரிய வழியில்லை. இதைத்தான் மாமாகிட்ட சொன்னேன். "அப்ப சீட்டு நல்ல சீட்டுதான், கடைதான் சரியில்ல, அப்படித்தான மாப்ள?"ன்னாரு. எங்க ஊர் ஆளுங்க நாலு பாராவை ஒரு வரியில முடிச்சுடுவாங்க.

இந்தக் கேள்வியைத்தான் நீதிமன்றங்கள் அம்பது வருஷமா வேற வார்த்தையில கேட்டுக்கிட்டு இருந்திருக்கு. இந்தியச் சட்டத்துல ஒரு விளையாட்டு சூதாட்டமா இல்லையான்னு முடிவு பண்ண, அது திறமையா அதிர்ஷ்டமான்னு நீதிபதி பார்க்கணும். பார்க்கணும்னா விளையாட்டோட விதிகளைப் பிரிக்கணும். அது விமர்சகன் வேலை. 1967ல் உச்ச நீதிமன்றத்துக்கு செகந்திராபாத் கிளப் ஒண்ணோட ரம்மி வழக்கு வந்தது. ரம்மி மூணு சீட்டு மாதிரி வெறும் அதிர்ஷ்டம் இல்லை, விழுந்த சீட்டை ஞாபகம் வச்சுக்கணும், எதை வச்சிருக்கறது எதைப் போடறதுன்னு திறமை வேணும், அதனால முக்கியமா திறமை விளையாட்டுன்னு சொன்னாங்க. படிச்சுப் பாருங்க, ரம்மியைப் பத்தின நல்ல விமர்சனம் அது. 1996ல் தமிழ்நாட்டுக் குதிரைப் பந்தய வழக்குலயும் இதே மாதிரி ஆராய்ச்சி.

2020 ஜூலையில ஹைகோர்ட் மதுரைக் கிளை, ஆன்லைன் ரம்மிக்கு அரசு சட்டம் கொண்டு வரணும்னு சொன்னது. நவம்பர்ல அவசரச் சட்டம், 2021 பிப்ரவரியில சட்டம். காசு வச்சு ஆடினா திறமை விளையாட்டா இருந்தாலும் தடைன்னு எல்லாத்தையும் ஒரே வாரியலால கூட்டித் தள்ளினாங்க. ஆகஸ்ட் 3ஆம் தேதி தலைமை நீதிபதி சஞ்சிப் பானர்ஜி, நீதிபதி செந்தில்குமார் ராமமூர்த்தி அமர்வு அதை ரத்து பண்ணுச்சு. தேவைக்கு மீறின தடைங்கறது சாராம்சம். நடுவுல பணம் இழந்து தற்கொலைச் செய்திகள் வந்துக்கிட்டே இருந்தது.

2022 ஜூன்ல ஓய்வு பெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில ஒரு குழு. ஐஐடி பேராசிரியர் ஒருத்தர், சிநேகா அமைப்பின் டாக்டர் லட்சுமி விஜயகுமார், ஒரு காவல்துறை உயர் அதிகாரி. கேம் விமர்சனத்துக்கு இதைவிட நல்ல குழு எந்தப் பத்திரிகையிலயும் உட்கார்ந்ததில்லைன்னு நினைக்கிறேன். நிரல் தெரிஞ்சவர், மனசு தெரிஞ்சவர், சட்டம் தெரிஞ்சவர், தெருவுல என்ன நடக்குதுன்னு தெரிஞ்சவர். அந்த மாசக் கடைசியிலேயே அறிக்கை கொடுத்துட்டாங்க. அக்டோபர்ல சட்டசபை புதுச் சட்டத்தை நிறைவேத்துச்சு. ஆளுநர் மார்ச்சுல திருப்பி அனுப்ப, மறுபடி நிறைவேத்தி, 2023 ஏப்ரல்ல ஒப்புதல் கிடைச்சது.

மறுபடி வழக்கு. இந்தத் தடவை அரசு தரப்பு வாதம் சுவாரசியமானது: நேர்ல ஆடுற ரம்மி வேற, திரையில ஆடுற ரம்மி வேற. எதிராளி முகம் தெரியாது, கலைக்கறது தெரியாது, எதிர்ல இருக்கறது நிரலாக்கூட இருக்கலாம். அதாவது சீட்டைப் பார்க்காதீங்க, கடையைப் பாருங்க. எங்க மாமா வாதம்தான்! 2023 நவம்பர் 9ஆம் தேதி தீர்ப்புல, அப்படி வேறங்கறதுக்கு அரசு போதுமான ஆதாரம் காட்டலைன்னு சொல்லி, ரம்மியையும் போக்கரையும் தடைப் பட்டியல்லேர்ந்து எடுத்துட்டாங்க. சட்டத்தோட மத்த பகுதி செல்லும், வயசு, நேரம் இதுக்கெல்லாம் அரசு கட்டுப்பாடு வைக்கலாம்னாங்க. அந்த வழியில 2025 பிப்ரவரியில விதிகள் வந்தது. ஆதார் சரிபார்ப்பு, ராத்திரி 12 மணிலேர்ந்து காலை 5 மணி வரைக்கும் ஆட முடியாது, ஒரு மணி நேரம் தாண்டினா அரை மணிக்கு ஒரு எச்சரிக்கை. ஜூன்ல ஹைகோர்ட் இதைச் சரின்னது. ஆகஸ்ட் 2025ல் நாடாளுமன்றமே காசு கட்டி ஆடுற ஆன்லைன் விளையாட்டுகளுக்குத் தடைச் சட்டம் நிறைவேத்த, பெரிய கம்பெனிகள் பணம் கட்டி ஆடுறதை நிறுத்திட்டாங்க. அதுக்கும் வழக்கு போட்டாங்க.

இதுல என்னை உறுத்துறது ஒண்ணு. 'ஆதாரம் காட்டலை'ன்னு கோர்ட் சொன்னது நியாயம்தான். ஆனா அந்த ஆதாரம் எங்கேருந்து வரும்? இந்த ஆப்புகளை அஞ்சு வருஷம் வாரா வாரம் பிரிச்சு, இந்த மாசம் போனஸ் விதியை இப்படி மாத்தினான், பணம் எடுக்க இத்தனை நாள் ஆச்சு, இந்த மேசையில இத்தனை பங்கு எடுத்தான்னு எழுதி வச்ச விமர்சகர்கள் இருந்திருந்தா, அந்தக் கட்டு கோர்ட் மேசையில வந்து விழுந்திருக்கும். ஃபிளாப்பி பேர்டு குழாய் எங்கேருந்து வந்ததுன்னு ஆராய ஆள் இருந்தது. கனடாவுல டொரொன்டோவில் ஒரு தமிழ்க் குடும்பத்துச் சமையலை வச்சு 2023ல் 'வெண்பா'ன்னு ஒரு கேம் வந்தப்போ, இட்லித் தட்டை எந்த வரிசையில அடுக்கறதுங்கறது வரைக்கும் உலகப் பத்திரிகைகள் எழுதினாங்க. அடுத்த வருஷம் பாஃப்டா விருதும் கிடைச்சது, சந்தோஷம். அது கணினி, கன்சோல்ல வந்தது. நம்ம போன்ல இருந்ததுக்கு ஒரு வரி இல்லை.

கடைசியா ஒண்ணு. 1967 ரம்மி தீர்ப்பை 'திறமை விளையாட்டு'ன்னு முடியற இடத்தோட எல்லாரும் மூடி வச்சுடறாங்க. அதே பத்தியில இன்னும் ஒண்ணு இருக்கு. அந்த ரம்மியை வச்சு கிளப்போட சொந்தக்காரர் லாபம் பார்க்கறதா ஆதாரம் இருந்தா அப்போ குற்றம் நிரூபணமாகலாம்னு நீதிபதிகள் சொல்லி வச்சிருக்காங்க. மேசைக்கு மேசை பங்கு எடுக்குற ஆப் எதுவும் அன்னிக்கு இல்லை. மாமாகிட்ட இதை போன்ல படிச்சுக் காட்டினேன். இப்ப மறுபடி சுண்ணாம்புக்கல் லோடு ஓட்டிக்கிட்டு இருக்காரு, தவணை இன்னும் முடியலை. "இத அப்பவே யாரும் தமிழ்ல எழுதலயா மாப்ள?"ன்னு கேட்டாரு.